ஹில்குரோவில் இருபது நிமிடம்

முதல் நாள், மேட்டுப்பாளையம்

ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக ஊட்டி மலை ரயிலில் போனோம். ஊட்டியில் பார்த்த பூங்காவும் ஏரியும் இன்றைக்கு எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. நடுக்காட்டில் ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றதும், என் கையிலிருந்த பன்னைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியதும், பின்னால் இஞ்சினுக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தமும்தான் ஞாபகம் இருக்கிறது. "இது எந்த ஊர் டீச்சர்?" என்று கேட்டேன். "ஊரெல்லாம் இல்லம்மா, ரயில் தண்ணி குடிக்க நிக்கிற இடம்" என்றார். ஊரே இல்லாத இடத்தில் பெயர்ப் பலகை எதற்கு, நடைமேடை எதற்கு என்று அன்றைக்கு எழுந்த கேள்வி இருபத்தைந்து வருடமாக அப்படியே உள்ளே கிடக்கிறது.

அந்த நிலையத்தின் பெயர் ஹில்குரோவ். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

கூட வருவது மாமா, அம்மாவின் தம்பி. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலுக்கான புது நீராவி இஞ்சினைப் பொன்மலையில் செய்தார்களே, 2011-ல் வெளியே வந்தது, அந்த வேலையில் மாமாவின் கையும் இருந்தது. ஆனால் அவர் இந்த ரயிலில் ஏறியதே இல்லை. "செஞ்சு அனுப்பினதோட சரி பாப்பா. அது மலை ஏறுறத நான் கண்ணால பாத்ததில்ல" என்று போன தீபாவளிக்கு வீட்டில் சொன்னார். அம்மா அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு, முன்பதிவு திறந்த அன்றே காலையில் உட்கார்ந்து போட்டேன், அதிலும் குன்னூர் வரைக்கும்தான். இந்த ரயில் நடுவில் இருக்கும் பல் வெட்டிய தண்டவாளத்தைப் பிடித்து மலை ஏறுவது, மாமா சொன்ன கணக்கு அதை வைத்துத்தான்: "பல்லு குன்னூரோட முடிஞ்சிருது. அதுக்கு மேல சாதாரண லைன், அதுல பாக்க எனக்கு ஒண்ணுமில்ல."

நான் கோவையிலிருந்து சாயங்காலம் வந்தேன், மாமா திருச்சியிலிருந்து வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு நிலையம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் அகலப் பாதை, இன்னொரு பக்கம் மலை ரயிலின் குறுகலான மீட்டர் கேஜ் பாதை. நடுவில் இருக்கும் நடைமேடையைத் தாண்டினால் நூறு வருடம் பின்னால் போய்விடலாம்.

மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-ல். அதற்கு அப்புறம் இருபத்தாறு வருடம் இதுதான் கடைசி நிலையம். இங்கே இறங்கி மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ பல்லக்கிலோ மலைப்பாதையில் ஏற வேண்டும், வழியில் கல்லார் காட்டுக் காய்ச்சல் வேறு. மலைக்கு ரயில் விடலாம் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. ஆனால் குன்னூருக்கு முதல் ரயில் போனது 1899 ஜூன் 15. நாற்பத்தைந்து வருடம்! நடுவில் 1882-ல் சுவிட்சர்லாந்திலிருந்து நிக்லஸ் ரிகன்பாக் என்ற பொறியாளர் நேரில் வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போனார். ரிகி மலைக்கு 1871-ல் பல்சக்கர ரயில் போட்டவர் அவர்தான். அப்புறம் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள், 1891-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிப் போட்டார், கொஞ்ச வருடத்தில் அந்தக் கம்பெனி பணமில்லாமல் மூழ்கியது, இன்னொரு கம்பெனி வந்து மிச்ச வேலையை முடித்தது. மலை அவ்வளவு சுலபத்தில் இடம் கொடுக்கவில்லை.

காலை ஏழு பத்துக்கு வண்டி. மாமா ஐந்து மணிக்கே அலாரம் வைத்திருக்கிறார்.

இரண்டாம் நாள், மேலே

எழுத ஆரம்பிக்கும்போதே மணி பதினொன்று. தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

நிலையத்துக்குள் போனதும் மாமா பெட்டியில் ஏறவில்லை, நேராகப் பின்னால் போய்விட்டார். இந்த ரயிலில் இஞ்சின் பின்னால்தான் இருக்கும். மலை ஏறும்போது பெட்டிகளை இழுக்காது, தள்ளும். இணைப்பு அறுந்துபோனால்கூடப் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டு ஓடாமல் இஞ்சின் கீழே நின்று தாங்கிக்கொள்ளும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மாமா இஞ்சினைச் சுற்றி ஒரு வலம் வந்தார். எண் தகட்டைப் படித்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம வண்டிதான்" என்றார், அதற்குமேல் பவானிப் பாலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. 37396 என்ற எண்தான் பொன்மலையின் முதல் இஞ்சின், இன்று எங்களுக்கு வந்தது அதற்கு அடுத்த எண்களில் ஒன்று.

முதல் எட்டு கிலோமீட்டர் சமவெளி. பவானி ஆறு, பாக்குத் தோப்புகள், தோப்புக்கு மேலே நீலமாக மலை. வேகமும் சாதாரண வண்டி மாதிரிதான். கல்லாரில் வண்டி நிற்கிறது. பயணிகளுக்கான நிலையமாக இல்லாவிட்டாலும் நின்றுதான் ஆகவேண்டும், பல் தண்டவாளம் இங்கே தொடங்குகிறது.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஹில்குரோவ் ஏன் இருக்கிறது என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிப்பு குறைவு, கொஞ்சம் ஏற்றம் கூடினாலும் வழுக்கும். கல்லாருக்கு மேலே ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது பன்னிரண்டு மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே. சாதாரண இஞ்சின் இதில் ஏறவே ஏறாது. அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள், இஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. ரிகன்பாக் ரிகியில் போட்டது ஏணி மாதிரிப் படிகள் உள்ள பட்டை. நீலகிரியில் அதைப் போடவில்லை. ரிகன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவர் கண்டுபிடித்த பட்டைதான் இங்கே வந்தது. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும், அதனால் எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். இந்தியாவில் பல் தண்டவாளம் இருப்பது இந்த ஒரு பாதையில் மட்டும்தான்.

கல்லாரில் வண்டி நடை வேகத்துக்கும் கீழே குறைந்து ஊர்ந்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப பாரு, இப்ப பாரு." அடியில் ஒரு 'கடக்'. அப்புறம் இன்னொன்று. அதற்கு அப்புறம் அந்தச் சத்தம் சீராகிவிட்டது, குன்னூர் வரைக்கும் கூடவே வந்தது. பல் கவ்விவிட்டது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், நானும் அவரைப் பார்க்காமல் இருந்தேன்.

பெட்டிக்குப் பெட்டி முன் மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல் பட்டைக்கு ஒரு பிரேக், இரண்டும் அவர் பொறுப்பு. டிரைவர் இருப்பது வண்டியின் வால் பக்கம், முன்னால் பாதையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் முதல் பெட்டியில் இருப்பவர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, அப்படியே பின்னால் வரைக்கும் போகிறது. எங்கள் பெட்டியில் இருந்தவர் பயணம் முழுக்க உட்காராமல் நிற்பாராம். பச்சைக் கொடியைக் கையிலேயே சுருட்டிப் பிடித்திருந்தார்.

குகைகள் வர ஆரம்பித்தன. மொத்தப் பாதையில் பதினாறு குகை, இருநூற்றைம்பது பாலம், இருநூற்றெட்டு வளைவு. குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கத்துவது நான் ஆறாம் வகுப்பில் கத்தியது போலவே இருந்தது. அடர்லி நிலையம் பயணிகளுக்கு மூடிப் பல வருடமாகிவிட்டது. பெயர்களைக் கவனியுங்கள்: அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு. மலையில் பிறந்தவர்கள் வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை. ரன்னிமேடு என்பது இங்கிலாந்தில் 1215-ல் அரசன் ஜான் மேக்னா கார்ட்டா என்ற மகா சாசனத்துக்கு ஒப்புதல் கொடுத்த புல்வெளியின் பெயர், அதைக் கொண்டுவந்து ஒரு நீலகிரிக் காட்டுக்குச் சூட்டியிருக்கிறார்கள். காட்டேரி என்று இன்னொரு நிலையம் இருந்தது, கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் அது ஒன்றுதான் நம் வாயில் வந்த பெயர், அதுவும் இப்போது மூடிவிட்டார்கள்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டி மெதுவாகி, நீளமாக ஒரு ஊதல். ஹில்குரோவ்.

இறங்கிவிட்டேன். என் மனதில் இருந்ததைவிடச் சின்ன நிலையம். ஒரு கட்டடம், ஒரு நடைமேடை, பெயர்ப் பலகை, ஒரு பக்கம் பாறைச் சுவர் மாதிரி மலை, இன்னொரு பக்கம் மரங்களுக்கு நடுவே ஆழமான பள்ளம். வீடு ஒன்றும் கண்ணில் படவில்லை. பஸ் வருகிற ரோடு இங்கே இல்லை. நடைமேடையின் ஓரத்தில் தேநீர்க் கடை, கடைக்கு எதிரே வரிசையாகக் குரங்குகள், அதில் ஒன்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை பையைத் திறக்கவில்லை.

கடைக்காரர் வயதானவர். இரண்டு டீ கேட்டேன்.

"எவ்வளவு நேரங்க நிக்கும்?"

"பத்து நிமிஷங்கம்மா. தண்ணி ரொம்புற வரைக்கும்."

"தண்ணி எங்கிருந்துங்க வருது?"

கையால் மேலே மலையைக் காட்டினார். "எல்லாம் மேலருந்துதான். நம்ம மோட்டார் போட்டு ஏத்துறதில்ல."

ராத்திரியில் இங்கே இருப்பீர்களா என்று கேட்டேன். "ராத்திரி யானை வருங்கம்மா. அது ஊரு அது. நாம பகல்ல மட்டும்" என்றார். பின்னால் குழாயிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் விழும் சத்தம். அதே சத்தம்.

மாமா இஞ்சின் பக்கம் நின்றிருந்தார். கையில் டீயைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சிலிண்டர்களை. ஒரு பக்கத்துக்கு இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. கீழே இருப்பது தண்டவாளச் சக்கரத்தை ஓட்டும், மேலே இருப்பது பல்சக்கரத்தை. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் கீழே வேலை செய்யும், அங்கே பாதி சக்தி இழந்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி இன்னொரு தடவை வேலை வாங்குவார்கள். சமவெளியில் கீழ் சிலிண்டர் மட்டும் போதும், பல் வந்தால் இரண்டும். "ஒரே ஆவிய ரெண்டு தடவ பிழியுறாங்க" என்றார் மாமா. அப்படிப் பிழிந்தாலும் கடைசியில் அது புகைபோக்கி வழியாகப் போய்விடும், திரும்பத் தண்ணீராகக் கிடைக்காது. பின்னால் தனியாகத் தண்ணீர் வண்டி கிடையாது, இஞ்சினின் பக்கவாட்டுத் தொட்டியில் பிடித்த அளவுதான். பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தில் அது எவ்வளவு தூரம் வரும்?

வண்டி கிளம்பிய பிறகு நோட்டில் தூரங்களை எழுதிப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் 8 கிலோமீட்டர், அடர்லி 13, ஹில்குரோவ் 18, ரன்னிமேடு 21, காட்டேரி 25, குன்னூர் 28. மூன்று நான்கு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். சந்தையையோ கோயிலையோ பார்த்து வைத்த இடைவெளி இல்லை இது. எதிரும் புதிருமாக வண்டிகள் விலகிக்கொள்ளவும் இடம் வேண்டும்தான், ஆனால் அதற்கும் மேலே இஞ்சினின் தாகம் இருக்கிறது. பல் தொடங்குவது 8-ல், முடிவது 28-ல், ஹில்குரோவ் 18-ல். நட்ட நடுவில்! கீழே பத்து, மேலே பத்து. 3,580 அடி உயரத்தில், ஏறியது பாதி இன்னும் ஏற வேண்டியது பாதி என்கிற இடத்தில், மூச்சு வாங்கித் தண்ணீர் குடிக்க ஒரு திண்ணை.

டீச்சர் சொன்னது சரிதான். அது ஊர் இல்லை. ஆனால் ஊர் இல்லாததால் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை. மற்ற நிலையங்கள் மனிதர்களுக்காகக் கட்டியவை, ரயில் அங்கே விருந்தாளி. ஹில்குரோவ் ரயிலுக்காகவே கட்டியது, அங்கே நாம்தான் விருந்தாளி. 1899-லிருந்து எத்தனை ஆயிரம் தடவை ஒரு இஞ்சின் இங்கே வந்து நின்று குடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ரன்னிமேட்டைத் தாண்டிவிட்டேன், தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். வண்டி ஊதியதும் ஓடிவந்து ஏறிவிட்டேன், டீக்குக் காசு கொடுக்கவில்லை. ஜன்னலிலிருந்து கத்தினேன். கடைக்காரர் கையை ஆட்டி, "வரும்போது குடுங்கம்மா" என்றார்.

மூன்றாம் நாள், குன்னூர்

குளிர். மாமா மப்ளரைக் கழற்றவே இல்லை.

ஊட்டிக்குப் போகலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன், வேண்டாம் என்றார். குன்னூருக்கு மேலே பாதை 1908-ல்தான் போனது, அங்கே ஏற்றம் குறைவு என்பதால் பல் இல்லை, டீசல் இஞ்சின் போதும். குன்னூரில் வந்த வழியே கொஞ்சம் பின்னால் போய், அங்கிருந்துதான் ஊட்டிப் பாதைக்கு ஏறுகிறது வண்டி. முதல் தடவை பார்ப்பவர்கள் ரயில் திரும்பிப் போகிறதென்று பதறுகிறார்கள்.

குன்னூரில் இஞ்சின் ஷெட் இருக்கிறது. உள்ளே போக அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை, அதனால் நடைமேடையின் கோடியில் நின்று பார்த்தோம். இரண்டு மணி நேரம். எனக்குக் கால் வலித்தது, அவருக்கு வலிக்கவில்லை. எக்ஸ் வகை என்று சொல்லப்படும் இந்தப் பல்சக்கர இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்தில் செய்து வந்தவை. 1914-லிருந்து 1925 வரைக்கும் பன்னிரண்டு, 1952-ல் ஐந்து. அவ்வளவுதான், அதற்கு அப்புறம் அங்கேயும் யாரும் செய்யவில்லை. உதிரி பாகம் கேட்டு எழுத ஆள் இல்லை. ஒன்று தேய்ந்தால் இன்னொன்றிலிருந்து கழற்றிப் போட வேண்டும், அல்லது நாமே வார்க்க வேண்டும். பல வருடம் பொன்மலையில் நடந்தது அந்த வைத்தியம்தான். இரண்டாயிரத்துக்கு அப்புறம் இஞ்சின்களை ஒவ்வொன்றாக நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள், 2011-ல் முழு இஞ்சினையே புதிதாகச் செய்தார்கள், 2021-ல் பழையபடி நிலக்கரியில் ஓடும் இஞ்சின் ஒன்றையும் செய்து கொடுத்தார்கள். அந்தக் கடைசி இஞ்சின் வந்தபோது மாமா ஓய்வு பெற்றிருந்தார். டிவியில்தான் பார்த்தாராம்.

"வெளிநாட்டுலருந்து வரைபடம் வந்துச்சா மாமா?" என்று கேட்டேன்.

"பழைய இஞ்சின் இருந்துச்சு. அத விட வரைபடம் என்ன வேணும்? பிரிச்சுப் போட்டு ஒவ்வொண்ணா அளவெடுத்தோம். நூறு வருஷம் தேஞ்ச பல்லுல அளவெடுத்தா தப்பா வரும் பாரு, அது தேயறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு கண்டுபிடிக்கணும். அதான் வேலையே." இதைச் சொல்லும்போது அவர் விரல்கள் காற்றில் ஏதோ பல்லைத் தடவிக்கொண்டிருந்தன.

2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் மலை ரயில் 1999-லேயே வந்துவிட்டது, கல்கா–சிம்லா 2008-ல் சேர்ந்தது. பட்டியலில் பெயர் வந்தது பெருமைதான். ஆனால் நூறு வருடப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது வேறு, தினமும் காலை ஏழு பத்துக்கு மலையில் ஏற்றுவது வேறு. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

சாயங்காலம் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பாதையில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மாமாவும் ரயில்வே என்றதும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். காலையில் முதல் வண்டிக்கு முன்னால் பாதையை நடந்தே பார்த்துவிடுவார்களாம், பாறை விழுந்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று. ஐப்பசி கார்த்திகையில் தூக்கமே கிடையாது. 2009 நவம்பர் மழையை அவர் சொல்ல ஆரம்பித்ததும் கடைக்காரரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அந்த மழையில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் மண்சரிவில் செத்துப்போனார்கள். மலை ரயில் பாதை பல இடத்தில் அறுந்து மாதக் கணக்கில் வண்டி ஓடவில்லை.

"கீழ மண்ணே இல்லீங்க. தண்டவாளம் மட்டும் அந்தரத்துல தொங்கிட்டு இருந்துச்சு, தொட்டில் கயிறு மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, கல்லத் தூக்கிட்டுப் போய்க் கட்டுனோம். ரோடு கிடையாது, லாரி வராது. ரயில் போற எடத்துக்கு ரயில்தான் போவணும், ரயிலுக்குப் பாதை இல்ல. தோள்லதான் எல்லாம்."

ஹில்குரோவில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மழைக் காலத்தில் வண்டி நின்றுபோன நாட்களில் அங்கே போய்ப் பார்த்தால், கேட்க ஆளில்லாமல் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்குமாம். நடைமேடையில் குரங்குகள்கூட இருக்காதாம். "வண்டி வந்தாத்தான் அதுக வரும். அதுகளுக்கு டைம் தெரியும்" என்றார்.

நான்காம் நாள், கீழே

மதியம் மூன்று மணி வாக்கில் ஊட்டியிலிருந்து வந்த வண்டியில் குன்னூரில் ஏறினோம். கீழே இறங்கும்போதும் நீராவி இஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது தள்ளியது, இப்போது முன்னால் நின்று மொத்த ரயிலையும் தாங்கிக்கொண்டு பின்னங்காலில் இறங்குவது மாதிரி இறங்குகிறது. ஏறுவதில் பலம், இறங்குவதில் பொறுமை. பிரேக்ஸ்மேன் கை சும்மா இருக்கவில்லை, இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார், இரும்பு காய்ந்த வாசனை ஜன்னல் வரைக்கும் வந்தது.

ரன்னிமேடு தாண்டியதும் நான் இருபது ரூபாயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஹில்குரோவ். சாயங்கால வெயில் மரத்துக்கு நடுவே சாய்ந்து நடைமேடையில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. அன்று காலையில் பார்த்த இடமா இது என்று இருந்தது, அவ்வளவு அமைதி. குரங்குகள் நேரத்துக்கு வந்திருந்தன. கடைக்காரரிடம் காசைக் கொடுத்தேன். முதலில் அவருக்கு ஞாபகம் வரவில்லை, அப்புறம் சிரித்தார். "எல்லாரும் குடுத்துருவாங்கம்மா. கீழ போகாம எங்க போவாங்க?" இந்தத் தடவை கையோடு காசு கொடுத்து மூன்று டீ வாங்கினேன். மூன்றாவது டிரைவருக்கு, மாமா சொல்லி அனுப்பினார்.

மாமா இரண்டு நாளாகச் செய்யாததை இன்று செய்தார். இஞ்சின் பக்கம் போய், நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நான் பொன்மலைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டிரைவர் எட்டிப் பார்த்தார், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், உடனே துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"எந்த செக்ஷன் சார்?"

மாமா சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எனக்குப் பாதி புரியவில்லை. வால்வு, பேக்கிங், ஏதோ ஒரு பேரிங் சூடாகிறது என்று டிரைவர் குறை சொல்ல, மாமா குனிந்து பார்த்து, அந்த இடத்தில் முதலிலேயே அந்தப் பிரச்சினை இருந்தது, நாங்கள் இப்படிச் சரி செய்தோம் என்று விரலால் காட்டினார். டிரைவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளையைப் பற்றி வாத்தியாரிடம் விசாரிக்கிற அப்பா மாதிரி நின்றிருந்தார் மாமா.

"தொட்டுப் பாருங்க சார், சூடு இருக்கும், இந்தப் பக்கம் வாங்க" என்றார் டிரைவர். மாமா மேல் சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தார்.

நான் நடைமேடையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். எண்ணி நாற்பது ஐம்பது தப்படி இருக்கும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் மொத்த நிலையமும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது: கட்டடம், கடை, நாலைந்து நீலப் பெட்டி, ஆவி விடும் இஞ்சின், பக்கத்தில் மாமாவின் வெள்ளைத் தலை. பள்ளத்துக்குள்ளிருந்து ஓடையின் சத்தம் வந்தது. நேற்று முன்தினம் பத்து நிமிடம், இன்று பத்து நிமிடம், ஆக இருபது நிமிடம். இதற்குமேல் இங்கே இருக்க முடியாது. ரயில் நிற்கும் நேரம்தான் இங்கே வருகிறவர்களுக்குக் கிடைக்கும் நேரம். அடர்லியும் காட்டேரியும் மூடியது மாதிரி இதுவும் மூடியிருந்தால், அல்லது கல்லாரிலிருந்தே டீசல் இஞ்சின் ஏறுகிற நாள் வந்தால், ஹில்குரோவுக்கு வேலை இருக்காது. இந்தத் தாகம் இருக்கிற வரைக்கும்தான் இந்த நிலையம். அதனால் மலை ரயிலைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது பேசினால், பெட்டியை வண்ணம் அடிப்பதையும் செல்ஃபி எடுக்க மேடை கட்டுவதையும் மட்டும் பேசாதீர்கள், நீராவியை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பொன்மலையில் அந்தப் பல்லை அளவெடுக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கின்றன. மாமாவிடம் கற்றவர்கள் இரண்டு பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்களாம், அவர்களுக்குக் கீழே யார் என்று கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை.

ஊதல். ஏறினோம். டிரைவர் மாமாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கடைக்காரர் கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார்.

கல்லாரில் பல்லை விட்டு இஞ்சின் வெளியே வந்ததும் அடியிலிருந்த அந்தச் சத்தம் சட்டென்று நின்றது, பெட்டி முழுக்கத் திடீரென்று அமைதி. பாக்குத் தோப்புகள், பவானி, மேட்டுப்பாளையம். வெயில் இறங்கவில்லை, மப்ளரை மாமா அப்போதுதான் கழற்றினார்.

இதை நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. மாமாவைத் திருச்சி பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அம்மா அவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னடா, ஊட்டி எப்படி இருந்துச்சு?"

"ஊட்டிக்குப் போகலக்கா."

"பின்ன நாலு நாளா எங்கடா இருந்தீங்க?"

"வண்டி தண்ணி குடிக்கிற எடத்துல" என்றார் மாமா.